பெர்ல் பக் அம்மையார்

நல்ல நிலம் என்னும் நவீனத்தை இயற்றி, 1938-ல் நோபெல் பரிசு பெற்ற பெர்ல் பக் அம்மையாரை நாம் நூலாசிரியையாக அறிவோம். தாயாக அறிந்தவர் சிலரே. 1892-ல் அமெரிக்காவில் மிஷனெரிமாரின் புதல்வியாய்ப் பிறந்த இவர், கைக்குழந்தையாகவே சீன தேசத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே வளர்ந்தார்.

1920-ல் அவருக்குக் கரோல் என்னும் பெண்மகவு பிறந்தது. அழகிய அக்குழந்தையின் புத்தி வயதுக்கேற்ப வளரவில்லை. தாய் வைத்தியரை நாடிக் கடல் கடந்தும் அலைந்தார். இறுதியில் மருத்துவர் ஒருவர், குழந்தை ஒருக்காலும் தேறாதென்று மறைக்காமல் உரைத்தார். அச்சொல் நெஞ்சைப் பிளந்ததாயினும் வீண் நம்பிக்கையினின்று அவரை விடுவித்தது.

ஆயினும் மகளுக்கு எழுத்துக் கற்பிக்க அரிதின் முயன்றார். ஒருநாள் எழுதும் அச்சிறு கையைப் பற்றியபோது, அது வியர்வையால் நனைந்திருக்கக் கண்டார். தாயை மகிழ்விக்கும்பொருட்டே குழந்தை வருந்துகின்றதென்று உணர்ந்து, புத்தகங்களை மூடிவைத்தார். அவருடைய ஆத்தும வாழ்வின் திருப்பம் இதுவே என்று நாம் கருதுகிறோம். தம் ஆசையைத் துறந்தார். மகள் இன்புற்றிருத்தலே போதுமென்று துணிந்தார். துயரம் நீங்கவில்லை, அதனோடு வாழும் சாந்தி பிறந்தது.

1929-ல் கரோலை நியூஜெர்சியிலுள்ள வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். அவளுடைய ஆயுட்காலச் செலவுக்குப் பொருள் தேடவேண்டிய கவலையும் அவரை எழுதத் தூண்டியது. பல்லாண்டு வெளியிற் சொல்லாதிருந்த இவ்வரலாற்றை 1950-ல் நூலாக்கினார். நாணித் தம் குழந்தைகளை மறைத்துவைத்த பெற்றோர் பலர் அதனால் ஆறுதலடைந்தனர்.

கரோலின் நோய் பீனைல்கீட்டோனூரியா என்பது பின்னரே தெரிந்தது. பிறந்த சில நாட்களில் இரத்தத்தைச் சோதித்து, தகுந்த உணவினால் அதன் கேட்டைத் தடுக்க இன்று வழியுண்டு. அம்மையார் 1973-ல் காலமானார்.

மனிதத் தன்மையில் யாவரும் சமம் என்பதைத் தாம் அம்மகளிடமே கற்றதாக அவர் எண்ணினார். பரீட்சையில் பெறும் எண்களைக்கொண்டு ஒருவரையொருவர் மதிக்கும் நாமும் இப்பாடத்தைக் கற்கக் கடவோம்.