ஸ்ரீமதி வை. மு. கோதைநாயகி அம்மாள்

ஸ்வீடன் தேசத்து நாவலாசிரியை பிரெடெரிகா பிரேமர் 1856-ல் வெளியிட்ட ‘ஹெர்தா’ என்னும் நாவலை நம்மவரில் படித்தோர் சிலரே. வயது வந்தும் சட்டத்தின் கண்ணில் மைனராகவே தகப்பனுக்குக் கட்டுண்டு கிடந்த ஒரு பெண், தன் ஜன்மத்தால் ஆகவேண்டிய காரியம் யாதெனத் தேடிய சரித்திரம் அது. அதை ஒட்டிப் பெரும் விவாதம் மூண்டது. 1858-ல், 25 வயது நிரம்பிய மணமாகாத பெண்கள் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து மேஜராகலாம் என்று அந்நாட்டில் சட்டம் பிறந்தது. கதை எழுதுவது வீண் பொழுதுபோக்கென்று எண்ணும் தேசத் தொண்டர்கள் இதைக் கவனிப்பார்களாக. இத்தகைய தேட்டத்தை நம் நாட்டில் ஒரு ஸ்திரீ தம் வாழ்க்கையாகவே நடத்திக் காட்டினார்.

நம் பட்டாபிராமுக்குத் தென்மேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்த நீர்வளூரில் 1901 டிசம்பர் 1-ல் பிறந்தவர் கோதைநாயகி அம்மாள். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். 1907-ல், ஐந்தரை வயதில், திருவல்லிக்கேணி வை. மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்விக்கப்பெற்றார். பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்ணின் விவாகத்தைக் குற்றமாக்கிய சாரதா சட்டம் 1930-ல்தான் அமுலுக்கு வந்தது. அப்போது இவருக்கு வயது இருபத்தெட்டு. சட்டம் எப்பொழுதும் பிந்தியே வருகிறது.

பள்ளிக்கூடம் அறியாதவர். ஆயினும் இல்லத்தில் ஓதப்பெற்ற பாசுரங்கள் செவிவழியே நெஞ்சில் பதிந்தன. சுற்றத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லியே அக்கலை வளர்ந்தது. கணவர் நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். கண்டு வந்தவருக்குத் தாமும் ஒரு நாடகம் இயற்றும் ஆசை பிறந்தது. கதை உண்டு, எழுதும் கைப்பழக்கம் இல்லை. இவர் வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்னும் தோழி எழுதினார். அவ்விதம் உருவான ‘இந்திர மோகனா’ 1924-ல் அச்சேறியது. எழுத்தறியாமை ஒரு தடை என்று அந்த அம்மையார் காத்துக்கொண்டிருக்கவில்லை. எழுதக் கற்றது அதன் பின்னரே.

மறு வருஷம் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைத் தம் பொறுப்பில் ஏற்றார். ‘வைதேகி’ அதில் தொடராக வந்த முதல் நாவல். அது முதலாக எழுதியவை 115. பத்திரிகை நடத்துவது இன்னதென்று அறிந்தவர்க்கே இதன் பாரம் விளங்கும். சந்தாப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அச்சுக்கூலியும் காகித விலையும் தவணை தப்பாமல் வந்து நிற்கும். அச்சுமையை ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம் தாங்கினார்.

அவற்றுள் பல நாவல்கள் அவசரத்தில் எழுந்தவை, சம்பவங்கள் மிகைப்பட்டவை என்று பண்டிதர்கள் குறை கூறினர். குறையில் ஓரளவு உண்மையுண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் காங்கிரஸ் மேடையின் குரல் கூடத்துத் திண்ணையோடு நின்றுவிட்ட காலத்தில், கதரையும் மதுவிலக்கையும் விதவையின் துயரையும் சமையலறைக்குள் கொண்டு சேர்த்தவை அக்கதைகள். அச்சேவையை நம் பிரசங்கிகளில் எவர் செய்தார்?

காந்தியடிகளை 1925-ல் தரிசித்த பின் பட்டாடையையும் வைர நகைகளையும் துறந்து கதருக்கு மாறினார். வீதியில் ஏச்சு, உறவில் முணுமுணுப்பு. கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் முன்னின்று 1932-ல் சிறை புகுந்தார். சிறையிலும் நாவல் எழுதினார். வெளியே பத்திரிகையைக் கணவர் கவனித்தார். பெண்டிரை மறியலுக்கு அனுப்பிவிட்டுக் கமிட்டிக்கு மட்டும் ஆடவர் போதும் என்று கருதிய வீரர்கள் பலர். ஸ்ரீமான் பார்த்தசாரதி அவ்வினத்தவரல்லர். நாடறிந்த தேசபக்தர்களினும் இவரை நாம் உயர்வாக எண்ணுவதற்கு அஃதொன்றே போதும்.

மகாத்மா மறைந்த 1948-ல், அவர் பெயரால் ஒரு சேவா சங்கத்தைத் திருவல்லிக்கேணியில் அமைத்து, எளிய பெண்களுக்குத் தொழில் பயிற்றினார். 1956-ல் ஏக புத்திரன் சீனிவாசன் மாண்டான். அந்தத் துயரிலிருந்து அம்மையார் எழவேயில்லை. க்ஷயரோகமும் பற்ற, 1960 பிப்ரவரி 20-ல் காலமானார்.