சாம் ரேபர்ன்

சாம் ரேபர்ன் (ஜனவரி 6, 1882 - நவம்பர் 16, 1961) ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த அரசியல்வாதி ஆவார். மக்களாட்சிக் கட்சியைச் சேர்ந்த இவர் 1913 முதல் இறக்கும் வரை 48 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரதிநிதிகள் அவையில் உறுப்பினராக இருந்தார். மூன்று காலப்பகுதிகளில் மொத்தம் 17 ஆண்டுகள் அவையின் சபாநாயகராகவும் பணியாற்றினார். அப்பதவியில் இவரளவு நீண்டகாலம் இருந்தவர் வேறெவரும் இலர்.

இளமை

டென்னசி மாநிலத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் எட்டாமவர். 1887-இல் குடும்பம் டெக்சாஸின் ஃபான்னின் கவுண்டிக்குக் குடிபெயர்ந்து, 40 ஏக்கர் நிலத்தில் பருத்தி பயிரிட்டது. சிறுவயதில் பருத்தி வயலில் உழைத்த ரேபர்ன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பட்டம் பெற்றுச் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். 1906-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உறுப்பினராக இருந்தபோதே சட்டம் பயின்றார். 1911-இல், 29-ஆம் வயதில், மாநில அவையின் சபாநாயகரானார்.

சட்டவாக்கப் பணிகள்

1931 முதல் 1937 வரை மாநிலங்களிடை மற்றும் வெளிநாட்டு வணிகக் குழுவின் தலைவராக இருந்தார். குடியரசுத் தலைவர் ரூசவெல்ட்டின் புதிய உடன்பாட்டுத் திட்டத்தின் முக்கியச் சட்டங்கள் பல இக்குழுவின் வழியாகவே வந்தன. 1933, 1934-ஆம் ஆண்டுகளின் பங்குச் சந்தைச் சட்டங்களும் மின் நிறுவனங்களைக் கட்டுப்படுத்திய 1935-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுள் அடங்கும்.

எனினும் இவருடைய தொகுதி மக்களின் வாழ்வை நேரடியாக மாற்றியது 1936-ஆம் ஆண்டின் ஊரக மின்மயமாக்கல் சட்டமே எனலாம். அக்காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் இல்லை. வீடுகள் தொலைவில் சிதறிக் கிடந்ததால் கம்பி இழுப்பது இலாபம் தராது என்று தனியார் நிறுவனங்கள் ஒதுங்கின. நெப்ராஸ்காவின் செனட்டர் ஜார்ஜ் நோரிசும் ரேபர்னும் கொண்டுவந்த இச்சட்டம், உழவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாக இணைந்து குறைந்த வட்டியில் அரசுக் கடன் பெற்றுத் தாமே மின்கம்பிகள் அமைக்க வழிசெய்தது.

சபாநாயகர்

1940 செப்டம்பரில் சபாநாயகரானார். 1941 ஆகஸ்ட் 12-இல், கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டோரின் பணிக்காலத்தை நீட்டிக்கும் மசோதா 203-க்கு 202 என ஒரே வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. முடிவை உடனே அறிவித்த ரேபர்ன், விதிகளைப் பயன்படுத்தி மறுவாக்கெடுப்புக்கு இடமில்லாமல் செய்துவிட்டார். நான்கு மாதங்கள் முடியுமுன்னரே ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அம்மசோதா தோற்றிருந்தால் பயிற்சி பெற்ற வீரர்களுள் பெரும்பாலோர் வீடு திரும்பியிருப்பர்.

குடிசார் உரிமைகளில் இவரது நிலைப்பாடு எளிதில் வகைப்படுத்தக்கூடியதன்று. தொடக்கத்தில் பிற தென்மாநில உறுப்பினர்களைப் போலவே கறுப்பினத்தவர் உரிமைச் சட்டங்களை எதிர்த்தார். ஆனால் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழிக்கும் தீர்ப்பைக் கண்டித்து 1956-இல் வெளியான தென்மாநில அறிக்கையில் கையொப்பமிட மறுத்தார். அடுத்த ஆண்டு குடிசார் உரிமைச் சட்டம் நிறைவேறத் துணைநின்றார். 1875-க்குப் பின் காங்கிரஸ் இயற்றிய முதல் குடிசார் உரிமைச் சட்டம் அது. செனட்டில் அதனை நடத்திச் சென்ற லிண்டன் ஜான்சன், ரேபர்னிடம் அரசியல் பயின்றவர்.

1961 ஜனவரியில், கென்னடியின் மசோதாக்கள் முடங்காதிருக்க விதிகள் குழுவை 12 உறுப்பினரிலிருந்து 15 ஆக விரிவாக்கும் தீர்மானத்தை 217-க்கு 212 என வென்றார். இதுவே இவரது கடைசிப் பெரும் போராட்டம்.

இறுதிக்காலம்

1927-இல் செய்துகொண்ட திருமணம் சில மாதங்களிலேயே முறிந்தது. அதன்பின் இவர் மணம் செய்துகொள்ளவில்லை. கணையப் புற்றுநோயால் பான்ஹம் நகரில் காலமானார். அச்சிறு நகரில் நடந்த இறுதிச் சடங்கில் கென்னடி, ஜான்சன், முன்னாள் குடியரசுத் தலைவர்கள் ட்ரூமன், ஐசனாவர் ஆகியோர் கலந்துகொண்டனர். வாஷிங்டனில் 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட பிரதிநிதிகள் அவை அலுவலகக் கட்டடத்துக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது.