துண்டு சிகரெட் பொறுக்கிய சிறுவன்!

1927-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம். காந்தி அடிகள் கடலூருக்கு வந்தார். கதருக்கு நிதி திரட்டுவதற்காக அவர் தமிழ்நாடு முழுவதும் சுற்றிய சமயம் அது. 1934-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மறுபடியும் வந்தார். அந்தப் பயணம் தீண்டாமை ஒழிப்புக்காக.

கடலூரும் சிதம்பரமும் அப்போது தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டையும் அதே மாவட்டம்தான். மகாத்மாவின் பெயரைக் கேள்விப்படாத கிராமமே அங்கு இல்லை. இடுப்பில் ஒரு முழத்துண்டு. அதுதான் அவருடைய உடை. அதை அவர் உடுத்தத் தொடங்கியதும் தமிழ்நாட்டில்தான். 1921-ம் ஆண்டு செப்டம்பரில், மதுரையில்.

மதுவை வெறுத்தவர். புகையிலையை வெறுத்தவர். ஆசைகளை அடக்கியவர் என்று உலகமே போற்றியவர்.

அவர் சிறு வயதில், பிறர் புகைத்து வீசிய சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்தவர்! அந்தப் பழக்கத்துக்காகக் காசு திருடியவர்! ஒரு கட்டத்தில் உயிரையே விடத் துணிந்தவர்!

இது யாரோ கட்டிவிட்ட கதை அல்ல. காந்தி அடிகளே தமது வாழ்க்கை வரலாற்றில் ஒளிவு மறைவு இல்லாமல் எழுதி வைத்த உண்மை.

திவான் வீட்டுப் பிள்ளை

குஜராத்தில் கடற்கரை ஓரமாக உள்ள ஊர் போர்பந்தர். அங்கு 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி மோகன்தாஸ் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி. சமஸ்தானத்தில் திவான் பதவி வகித்தவர். தாயார் புத்லிபாய். விரதம் இருப்பதில் மிகுந்த பற்று உடையவர்.

பிறகு தந்தையாருக்கு ராஜ்கோட்டில் வேலை கிடைத்தது. குடும்பமும் அங்கே சென்றது. மோகன்தாஸ் பள்ளிக்கூடத்தில் கூச்சம் மிகுந்த மாணவன். மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவான். யாருடனும் அதிகம் பேசமாட்டான்.

இந்தச் சிறுவனுக்கும் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கும் ஓர் ஆசை வந்தது. வீட்டில் சித்தப்பா ஒருவர் சிகரெட் பிடிப்பார். அவர் வாயில் இருந்து புகை சுருள் சுருளாக வெளிவரும். அதைப் பார்த்துப் பார்த்து, தாங்களும் அப்படி ஊத வேண்டும் என்று இருவரும் நினைத்தார்கள்.

புகையால் ஏதோ நன்மை என்று அவர்கள் எண்ணவில்லை. அதன் மணமும் அவர்களுக்குப் பிடித்தது அல்ல. பெரியவர்களைப் போல வாயில் இருந்து புகை விட வேண்டும். அவ்வளவுதான்!

கையில் காசு இல்லை. ஆகவே, சித்தப்பா வீசி எறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பற்ற வைத்தார்கள்.

வேலைக்காரன் பையில் கை

துண்டு சிகரெட் எப்போதும் கிடைக்குமா? கிடைத்தாலும் அதில் அதிகம் புகை வராது. ஆசையோ வளர்ந்துகொண்டே போயிற்று.

வீட்டு வேலைக்காரன் தன் செலவுக்கு வைத்திருந்த செப்புக்காசுகள் கண்ணில் பட்டன. அதில் இருந்து அவ்வப்போது ஒன்றிரண்டு காசுகளை எடுத்தார்கள். சிகரெட் வாங்கினார்கள். அப்போது மோகன்தாசுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான் இருக்கும்.

வாங்கியதை எங்கே ஒளித்து வைப்பது? பெரியவர்கள் முன்னால் புகைக்க முடியாது. தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு நாளும் பயம். ஒவ்வொரு நாளும் பொய். சில வாரங்கள் இப்படியே ஓடின. ஏதோ ஒரு செடியின் தண்டில் துளைகள் உண்டு, அதையும் புகைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அதையும் தேடிப் பிடித்துப் புகைத்துப் பார்த்தார்கள். திருப்தி ஏற்படவில்லை.

கடைசியில் அவர்களுக்கு வெறுப்பே மிஞ்சியது. எதற்கும் பெரியவர்களின் அனுமதி வேண்டியிருக்கிறதே, இது என்ன வாழ்க்கை என்று எண்ணினார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் அந்தப் பிஞ்சு மனங்களுக்கு அது மலையாகத் தெரிந்தது. இருவரும் தற்கொலை செய்துகொள்வது என்று முடிவு செய்தார்கள்!

கோவிலில் நடந்தது

காட்டுக்குப் போய் விஷ விதைகளைத் தேடி எடுத்து வந்தார்கள். மாலை நேரம் நல்ல நேரம் என்று எண்ணினார்கள். கேதார்ஜி கோவிலுக்குப் போய் விளக்குக்கு நெய் வார்த்தார்கள். சாமி தரிசனம் செய்தார்கள். பிறகு ஆள் இல்லாத மூலையைத் தேடினார்கள்.

அங்கே போனதும் தைரியம் போய்விட்டது. உடனே சாகாவிட்டால் என்ன செய்வது? செத்துத்தான் என்ன பயன்? சுதந்திரம் இல்லாவிட்டால் பொறுத்துக்கொண்டால் என்ன? இப்படி எண்ணம் ஓடிற்று. இரண்டு மூன்று விதைகளை விழுங்கினார்கள். அதற்கு மேல் துணியவில்லை.

அங்கிருந்து ராமர் கோவிலுக்குப் போய் மனத்தை அமைதிப்படுத்திக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்றோடு சிகரெட் துண்டு பொறுக்குவது நின்றது. வேலைக்காரன் காசைத் திருடுவதும் நின்றது. பெரியவரான பிறகு காந்தி அடிகளுக்குப் புகை பிடிக்கும் ஆசை வரவே இல்லை. ரெயில் பெட்டியில் யாராவது புகைத்தால் அவருக்கு மூச்சுத் திணறும்.

தந்தையின் கண்ணீர்

சிகரெட் போயிற்று. ஆனால் திருட்டும் மறைப்பும் இன்னொரு வழியில் வந்தன. அப்போது மோகன்தாசுக்கு வயது 15. அண்ணனுக்கு சுமார் 25 ரூபாய் கடன். அதை அடைப்பதற்காக, அண்ணன் கையில் இருந்த தங்கக் காப்பில் இருந்து ஒரு துண்டு தங்கத்தை மோகன்தாஸ் வெட்டி எடுத்தார்.

கடன் தீர்ந்தது. மனச்சுமை தீரவில்லை. இனித் திருடுவது இல்லை என்று முடிவு செய்தார். அது மட்டும் போதாது, தந்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வாயால் சொல்லத் துணிவு இல்லை. அடி விழும் என்ற பயம் அல்ல. தந்தை மனம் நொந்து தம்மையே வருத்திக்கொள்வாரோ என்ற பயம்.

ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதினார். தமக்குத் தக்க தண்டனை தரும்படி கேட்டார். இனி ஒருபோதும் திருடுவது இல்லை என்று உறுதி கூறினார். நடுங்கும் கையோடு அதைத் தந்தையிடம் கொடுத்தார்.

கரம்சந்த் காந்தி அப்போது நோயாளி. பலகைக் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்களில் இருந்து கண்ணீர் முத்து முத்தாக உதிர்ந்து காகிதத்தை நனைத்தது. சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். ஒரு கடுஞ்சொல் இல்லை.

மகனும் அழுதார். அடித்திருந்தால்கூட அந்த மாற்றம் வந்திருக்காது. ஒளித்து வைத்த தவறுதான் அடுத்த தவறுக்கு வழி காட்டியது. வேண்டியவரிடம் சொன்னபோது அந்த வழி அடைபட்டது. 1885-ம் ஆண்டு தந்தையார் காலமானார். அந்தக் கண்ணீரை மகன் கடைசி வரை மறக்கவில்லை.

ருசி எங்கே இருக்கிறது?

1888-ம் ஆண்டு செப்டம்பரில் அவர் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். மது, மாமிசம், மாதர் ஆகியவற்றைத் தொடுவது இல்லை என்று, சமண சாது ஒருவர் முன்னிலையில் தாயாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

லண்டனில் பசி வாட்டியது. உப்புச் சப்பில்லாத வேகவைத்த கீரையை வாயில் வைக்கவே பிடிக்கவில்லை. ஆனால் மசாலாப் பொருள்களைக் கைவிட்டுச் சில காலம் பழகிய பிறகு, அதே கீரை ருசித்தது! ருசி நாக்கில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டது அப்போதுதான்.

புகையை விட்டவர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. முதல் சில நாட்கள் தூக்கம் வராது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். பழகிய பிறகு, சோற்றின் மணமும் ருசியும் முன்னைவிட நன்றாகத் தெரியும்.

மனைவிக்காக விட்ட உப்பு

பிறகு தென்னாப்பிரிக்கா. அங்கு கஸ்தூரிபாய்க்கு உடல்நலம் கெட்டது. உப்பையும் பருப்பையும் விட்டுவிட்டால் குணமாகும் என்று காந்தி அடிகள் நம்பினார். மனைவியிடம் மன்றாடினார். அவர் இணங்கவில்லை. உங்களை விடச் சொன்னால் உங்களாலேயே முடியாதே என்று கேட்டுவிட்டார்.

காந்தி அடிகள் கோபப்படவில்லை. அந்த இடத்திலேயே, தாம் ஓர் ஆண்டுக்கு உப்பும் பருப்பும் தொடுவது இல்லை என்று அறிவித்தார். மனைவி விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி!

கஸ்தூரிபாய் திடுக்கிட்டார். தாம் விட்டுவிடுவதாகவும், கணவர் தம் சபதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் கெஞ்சினார். காந்தி அடிகள் இசையவில்லை. கஸ்தூரிபாய் அழுது தீர்த்தார். பிறகு இருவரும் சேர்ந்தே விட்டார்கள். அவர் உடம்பும் விரைவில் தேறியது.

எந்த நோய்க்கு எது வைத்தியம் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. குடும்பங்களுக்கு இதில் உள்ள பாடம் வேறு. ஒருவர் ஒன்றை விட வேண்டும் என்றால், பக்கத்தில் இருப்பவரும் கூடவே ஏதாவது ஒன்றை விட வேண்டும். வெறும் புத்திமதி எடுபடாது.

1910-ம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. நண்பர் காலன்பாக் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காகக் கொடுத்தார். அங்கு தமிழர்கள் பலர் இருந்தார்கள். பண்ணையில் மதுவுக்கும் புகைக்கும் இடம் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி. காந்தி அடிகளுக்கும் அதே விதிதான்.

தவறினால் என்ன?

மகாத்மாவும் சறுக்கினார். 1912-ம் ஆண்டு, பால் அருந்துவது இல்லை என்று விரதம் எடுத்தார். 1918-ம் ஆண்டு கடுமையான வயிற்றுப்போக்கால் எலும்பும் தோலுமானார். பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்று டாக்டர் கூறினார். விரதம் பசும்பாலையும் எருமைப்பாலையும் எண்ணி எடுத்ததுதானே, ஆட்டுப்பால் அருந்தலாமே என்றார் கஸ்தூரிபாய். உயிர் மீது இருந்த ஆசையால் அவர் ஒப்புக்கொண்டார்.

சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், அதன் பொருளைக் காப்பாற்றவில்லை என்ற வருத்தம் அவரை விட்டு நீங்கவில்லை. ஆனால் அதை மூடி மறைக்கவும் இல்லை. ஊர் அறிய எழுதினார். ஒரு முறை தவறியதற்காக மற்ற விரதங்களைக் காற்றில் விட்டுவிடவும் இல்லை.

1942-ம் ஆண்டு, பூனாவில் ஆகாகான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்த காலத்தில், உடல்நலம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் புகையிலைக்கு ஒரு தனிப் பகுதி உண்டு. புகைப்பது, மெல்லுவது, பொடி போடுவது ஆகிய மூன்றையுமே அவர் கண்டித்தார். 1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி அவர் சுடப்பட்டு இறந்தார்.

அறுபது ஆண்டுகள் கழித்து, பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை விதிக்கும் விதிகள் இந்தியா முழுவதும் அமலுக்கு வந்தன. அதற்குத் தேர்ந்தெடுத்த நாள் 2008-ம் ஆண்டு அக்டோபர் 2. காந்தி அடிகளின் பிறந்த நாள்!

ஐந்து நிமிடம் பொறுத்தால்...

மங்கலம்பேட்டைக் கடைத்தெருவிலும் இன்று டீ குடித்ததும் கை தானாகச் சட்டைப் பையைத் தேடும் மனிதர்கள் உண்டு. விட வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லாமல் இல்லை. விட முடியவில்லை என்பதுதான் துயரம்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புகையிலையில் நிக்கோட்டின் என்ற பொருள் இருக்கிறது. புகையை இழுத்த சில விநாடிகளில் அது மூளையை அடைகிறது. பழகிய மூளை அதை மறுபடி மறுபடி கேட்கிறது. அந்த ஏக்கம் அலை போன்றது. எழும், உச்சிக்குப் போகும், பிறகு அடங்கும். பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் ஒரு குவளை தண்ணீர் குடிக்கலாம். மூச்சை ஆழமாக இழுத்து விடலாம். எழுந்து ஒரு சுற்று நடந்து வரலாம். தீப்பெட்டியையும் துண்டு பீடிகளையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

முதல் சில நாட்கள்தான் மிகவும் கடினம். சில வாரங்களில் ஏக்கம் தணியும். ஓராண்டு தாண்டினால், புகையால் வரக்கூடிய மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. தனியாக முடியாவிட்டால் அரசு ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்கலாம். 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் டெலிபோன் செய்து ஆலோசனை பெறலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் பங்கு உண்டு. மகன் சட்டையில் புகை நாற்றம் அடித்தால், பிரம்பை எடுக்கும் முன்பு ராஜ்கோட்டில் பலகைக் கட்டிலில் படுத்திருந்த அந்தத் தந்தையை நினைத்துப் பார்க்க வேண்டும். கணவர் புகையை விட்டு மூன்றாம் நாள் சிடுசிடுத்தால், மனைவி அது நிக்கோட்டின் செய்யும் வேலை என்று பொறுத்துக்கொள்ள வேண்டும். தவறி ஒன்று பிடித்துவிட்டு வந்து சொன்னால், ஏளனம் செய்யாமல் காது கொடுக்க வேண்டும்.

துண்டு சிகரெட் பொறுக்கிய அந்தச் சிறுவன் பிறவியிலேயே மகாத்மாவாகப் பிறக்கவில்லை. ஒவ்வொன்றாக விட்டார். இடையிடையே தவறினார். தவறியதைச் சொன்னார். மறுபடியும் தொடங்கினார். அவருக்கு முடிந்த அந்தக் காரியம், இன்று காலை கடைசி பீடியை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கும் மனிதருக்கும் முடியும்.