தலையில் விழுந்த எடைக்கல்... 60 ஆண்டு வலி: ஹாரியட் டப்மேன் சிகிச்சை தேடிப் போன கதை

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தானும் தப்பி, சுமார் 70 பேரையும் தப்ப வைத்தவர் ஹாரியட் டப்மேன். உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்காக உளவு பார்த்தவர். இதெல்லாம் பலருக்குத் தெரியும். ஆனா, இத்தனையையும் செய்த காலம் முழுக்க அவர் ஒரு நோயாளியாகவும் இருந்தார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

சிறுவயதில் தலையில் விழுந்தது ஒரே ஒரு அடிதான். தலைவலி, திடீர் தூக்கம், வலிப்பு என்று அதன் பாதிப்பு பல பத்தாண்டுகள் அவரை விடவில்லை. அதற்கு சிகிச்சை கேட்டு அவரே ஒரு மருத்துவமனைக்குள் நடந்து போனபோது வயது 75-ஐ ஒட்டியிருந்தது. நடந்தது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த மிண்டி?

மேரிலாண்ட் மாநிலத்தின் டார்செஸ்டர் கவுண்டியில் 1822 வாக்கில் பிறந்தவர் அரமின்டா ராஸ். வீட்டில் மிண்டி என்று கூப்பிடுவார்கள். அப்பா பென், அம்மா ரிட். இருவருமே அடிமைகள். அதனால் பிறக்கும்போதே மிண்டியும் இன்னொருவரின் சொத்து. உரிமையாளர் பெயர் எட்வர்ட் பிராடஸ்.

சின்ன வயதிலேயே மிண்டியை மற்ற வீடுகளுக்குக் கூலிக்கு அனுப்பினார் பிராடஸ். ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரவில் குழந்தை அழுதால் மிண்டிக்குச் சாட்டையடி விழும். அவருக்கே அப்போது 6 வயது இருக்கும். அந்தத் தழும்புகள் கடைசிவரை உடம்பில் இருந்தன.

கடையில் நடந்தது என்ன?

1834-க்கும் 1836-க்கும் இடைப்பட்ட காலம். மிண்டி பதின்மூன்று வயதை ஒட்டிய சிறுமி. பக்டவுன் என்ற ஊரின் கடைக்குப் போயிருந்தார். அனுமதியில்லாமல் வயலை விட்டு வந்த ஓர் அடிமையைத் துரத்திக்கொண்டு கங்காணியும் அங்கே வந்தார். அவரைக் கட்டிப்போட உதவும்படி மிண்டிக்கு உத்தரவு. மிண்டி மறுத்துவிட்டார்.

அந்த ஆள் வெளியே ஓட, கங்காணி தராசுக்கான இரும்பு எடைக்கல்லை எடுத்து வீசினார். எடை 2 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 900 கிராம். ஓடியவர் மேல் அது படவில்லை. மிண்டியின் தலையில் விழுந்து மண்டை உடைந்தது.

சீப்பே படாமல் அடர்ந்து கிடந்த தன் தலைமுடிதான் உயிரைக் காப்பாற்றியது என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. ரத்தம் வழிய வழியத் தூக்கிவந்து, ஒரு தறியின் பலகையில் படுக்க வைத்தார்கள். மருத்துவர் யாரும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் வயல் வேலை. முகத்தில் ரத்தமும் வியர்வையும் சேர்ந்து வழிய, கண் தெரியாமல் வேலை செய்தார்.

அவரை விற்றுவிடவும் பிராடஸ் முயற்சி செய்தார். வாங்க ஆளில்லை. அடிபட்ட சிறுமியைச் சந்தை மதித்தது அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு?

கடுமையான தலைவலி வரத் தொடங்கியது. அதைவிட விசித்திரமானது தூக்கம். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று தலை சாய்ந்துவிடும். எழுப்பினாலும் எழ மாட்டார். கொஞ்ச நேரத்தில் தானாகவே விழித்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். இதோடு வலிப்பு, கண்முன் தோன்றும் காட்சிகள், நிஜம் போன்ற கனவுகள்.

இவை கடவுள் தனக்குக் காட்டும் வழி என்பது மிண்டியின் உறுதியான நம்பிக்கை. அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய வரலாற்றாசிரியர் கேட் கிளிஃபோர்ட் லார்சன், இந்த அறிகுறிகள் டெம்போரல் லோப் எபிலெப்சி என்ற வலிப்பு நோயோடு பொருந்துவதாகச் சொல்கிறார். காதையொட்டிய மூளைப் பகுதியில் உருவாகும் வலிப்பு வகை அது. கை கால் வெட்டி இழுக்காமல், நினைவு தப்புவதும், இல்லாத காட்சிகள் தெரிவதும் கூட அதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

இந்த நிலையோடு தப்பித்தது எப்படி?

1844 வாக்கில் ஜான் டப்மேன் என்பவரைத் திருமணம் செய்தார். பெயரும் ஹாரியட் டப்மேன் ஆனது. 1849-ல் பிராடஸ் இறந்தார். கடனை அடைக்கத் தன்னையும் விற்றுவிடுவார்கள் என்ற பயம் வந்தது. அந்த ஆண்டே தப்பி, சுமார் 145 கிலோமீட்டர் கடந்து பிலடெல்பியா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

கதை அதோட முடியல. அடுத்த 10 ஆண்டுகளில் ஏறக்குறைய 13 முறை மேரிலாண்டுக்குத் திரும்பிப் போனார். சகோதரர்கள், வயதான பெற்றோர், தெரிந்தவர்கள் என்று சுமார் 70 பேரை அழைத்து வந்தார். தப்பிவந்தவர்களைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் 1850-ல் கடுமையானதால், பலரைக் கனடா வரைக்கும் கூட்டிப் போக வேண்டியிருந்தது.

பயணத்தின் நடுவிலும் அந்தத் தூக்கம் வரும். பின்னால் தேடுதல் ஆட்கள், சுற்றிலும் காடு, வழி தெரிந்த ஒரே ஆள் தூக்கத்தில். கூட இருப்பவர்கள் மூச்சடக்கிக் காத்திருப்பார்கள். அவர் விழித்ததும் நடை தொடரும்.

இதையெல்லாம் தாண்டி அவரைக் காப்பாற்றியது திட்டம்தான். பெரும்பாலும் குளிர்காலத்தில் கிளம்புவார், இரவு நீளம் என்பதால். சனிக்கிழமை இரவில் புறப்படுவார், திங்கட்கிழமைக்கு முன்னால் பத்திரிகையில் தேடுதல் விளம்பரம் வராது என்பதால். பகலில் மறைவிடம். டெலாவேர் மாநிலத்தில் தாமஸ் காரெட், பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்டில் என்று வழிநெடுக உதவ ஆட்கள் இருந்தார்கள். எந்த நேரத்திலும் நினைவு தப்பலாம் என்ற நிலையில் இருப்பவருக்கு இப்படி ஒரு துணை எவ்வளவு முக்கியம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போர்க்காலத்திலும் வேலை நிற்கவில்லை. தென் கரோலினாவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். 1863 ஜூன் மாதம் கம்பாஹி ஆற்றில் நடந்த ராணுவத் தாக்குதலுக்கு உளவுத் தகவல் திரட்டி வழிகாட்டினார். ஒரே இரவில் 700-க்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள்.

75 வயதில் அறுவை சிகிச்சை

போருக்குப் பின் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தார். வறுமை விடவில்லை. 1895-ல் கிடைத்தது, இறந்துபோன இரண்டாவது கணவருக்கான விதவை ஓய்வூதியம், மாதம் 8 டாலர். போர்க்காலச் செவிலியர் பணியையும் கணக்கில் எடுத்து அது 20 டாலர் ஆனது 1899-ல்தான்.

1890-களின் பிற்பகுதியில் தலைவலி தாங்க முடியாத அளவுக்குப் போனது. தலைக்குள் ஒரு ரீங்காரம், இரவில் தூக்கமே இல்லை. அப்போது பாஸ்டன் நகரத்துக்குப் போயிருந்தார். ஒரு பெரிய கட்டடத்தைப் பார்த்து இது என்ன என்று விசாரித்தார். மருத்துவமனை என்றார்கள். நேராக உள்ளே போய், எதிரே வந்த இளைஞர் மருத்துவர்தான் என்று உறுதி செய்துகொண்டு, தன் தலையைத் திறந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். இதை அவரே சொல்ல, அவருடைய வாழ்க்கையை எழுதிய சாரா பிராட்ஃபோர்ட் பதிவு செய்திருக்கிறார்.

அந்த மருத்துவமனை மாசசூசெட்ஸ் ஜெனரல். ஈதர் மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்யலாம் என்று 1846-ல் மருத்துவ உலகத்துக்குக் காட்டிய அதே இடம். ஆனா அரை நூற்றாண்டு கழித்து அங்கே படுத்த டப்மேன் மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். போரில் கை கால் வெட்டப்பட்ட வீரர்கள் செய்ததைப் போல, ஒரு துப்பாக்கித் தோட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது.

மண்டை எலும்பை அறுத்துத் தூக்கிவிட்டார்கள் என்பது அவர் தந்த விவரம். அடிபட்டு உள்ளே அழுந்திய எலும்பைத் தூக்கி, மூளை மீதான அழுத்தத்தைக் குறைப்பது அந்தக் கால அறுவை முறைகளில் ஒன்று. முடிந்ததும் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கப் பார்த்தார். கால் துவண்டதால், ஆம்புலன்ஸ் வண்டியில் அனுப்பி வைத்தார்கள். அதன்பிறகு தலை கொஞ்சம் இதமாக இருப்பதாகச் சொன்னார்.

ஏன் இவ்வளவு தாமதம்?

அடிமையாக இருந்தவரை மருத்துவரைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. விடுதலைக்குப் பிறகு பணமில்லை. மருத்துவமும் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. வலிப்புக்கு புரோமைடு மருந்து பயன்படத் தொடங்கியது 1857-ல். அதைவிடச் சிறந்த பினோபார்பிட்டால் வந்தது 1912-ல், அதாவது டப்மேன் இறப்பதற்கு முந்தைய ஆண்டு. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி முறையில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பதிவு எடுத்தது 1924-ல்.

அவர் 60 ஆண்டுகள் பொறுத்துக்கொண்டதை மனவலிமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வேறு வழி இருக்கவில்லை. வழி இருக்கலாம் என்று தெரிந்த நாளில் அவர் வயதைப் பார்க்கவில்லை, யாரையும் துணைக்கு எதிர்பார்க்கவில்லை, உள்ளே போய்க் கேட்டார்.

இன்றைக்கு இப்படி அடிபட்டால்?

டப்மேனுக்கு ஏற்பட்டது மண்டை உடைந்த கடுமையான காயம். அதைவிட லேசான அதிர்ச்சிக் காயத்தைக் கன்கஷன் என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்குத் தலைவலி, தலைசுற்றல், தூக்கப் பிரச்னை, மறதி, எரிச்சல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமை ஆகியவை மூன்று மாதத்தைத் தாண்டியும் நீடிக்கும். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் இந்தத் தொந்தரவுகள் உண்மையானவை. வெளியே காயம் தெரியாததால், சும்மா சொல்றாங்க என்று வீட்டில் இருப்பவர்களே நினைத்துவிடும் ஆபத்து உண்டு.

ஒரே மாத்திரையில் தீரும் பிரச்னை இல்லை இது. தலைவலிக்குத் தனி மருந்து, சமநிலைக்கு பிசியோதெரபி, தூக்கத்தைச் சீராக்குவது, வேலைக்கும் படிப்புக்கும் படிப்படியாகத் திரும்புவது, தேவைப்பட்டால் மனநல ஆலோசனை என்று ஒவ்வொரு அறிகுறிக்கும் தனித்தனியாக சிகிச்சை தருகிறார்கள். திடீரென நினைவு தப்புவது போல இருந்தால், நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அடிபட்ட உடனே அல்லது அடுத்த சில நாட்களில் திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், எழுப்ப முடியாத தூக்கம் இருந்தால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கடைசிக் காலம்

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் டப்மேன் ஓய்ந்து உட்காரவில்லை. ஆதரவில்லாத வயதான கறுப்பினத்தவர்களுக்காக ஓர் இல்லம் வேண்டும் என்று பல ஆண்டுகள் முயன்றார். 1908-ல் ஆபர்ன் நகரத்தில் அது திறக்கப்பட்டது. உடல் தளர்ந்தபோது, 1911-ல் அவரே அந்த இல்லத்தில் சேர்ந்தார். 1913 மார்ச் 10-ம் தேதி நிமோனியாவால் இறந்தார்.

2024 நவம்பரில் மேரிலாண்ட் தேசியக் காவல்படை அவருக்குப் பிரிகேடியர் ஜெனரல் பதவி வழங்கிக் கௌரவித்தது. அன்று தலையில் அடிபட்ட சிறுமியை வாங்க யாரும் முன்வராத அதே மாநிலம்தான் இது.