ரோமாரி பியர்டன்

ரோமாரி பியர்டன் (செப்டம்பர் 2, 1911 - மார்ச் 12, 1988) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஓவியர். இதழ்களிலிருந்து வெட்டிய படங்கள், வண்ணம் பூசிய தாள், துணி, ஒளிப்படம் ஆகியவற்றை ஒரே பலகையில் ஒட்டி, அதன் மேல் வண்ணமும் தீட்டி உருவாக்கும் கொலாஜ் என்னும் ஒட்டுப்படக் கலையில் 20ஆம் நூற்றாண்டின் முதன்மையானவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். ஆப்பிரிக்க அமெரிக்க மக்களின் புளூஸ், ஜாஸ் இசையும் அவற்றின் புகழ்பெற்ற பாடல்களும் இவருடைய படங்களுக்குப் பொருளாகவும் அமைப்பு முறையாகவும் விளங்கின. இவர் பாடலாசிரியராகவும் கேலிச்சித்திரக்காரராகவும் நியூயார்க் நகராட்சியின் சமூக நலப் பணியாளராகவும் இருந்தவர். தமக்குரிய கலைவடிவத்தை இவர் கண்டடைந்தபோது வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

இளமை

பியர்டன் வட கரோலினா மாநிலத்தின் மெக்லன்பர்க் மாவட்டத்தில் உள்ள சார்லட் நகரில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் ஹோவர்ட் பியர்டன், தாய் பெசி பியர்டன். தென் மாநிலங்களில் நிலவிய இனப் பாகுபாட்டுச் சட்டங்களாலும் வன்முறையாலும் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நோக்கி இடம்பெயர்ந்த காலம் அது. 1914ஆம் ஆண்டளவில் இக்குடும்பமும் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் குடியேறியது. எனினும் கோடை விடுமுறைகளில் சிறுவன் பியர்டன் சார்லட்டில் இருந்த மூதாதையர் வீட்டுக்குச் சென்று வந்தார். அங்கு கண்ட தொடர்வண்டிகளும் வயல்வேலை செய்யும் பெண்களும் ஆற்றில் நடைபெறும் திருமுழுக்கும் பின்னாளில் இவரது படங்களில் மீண்டும் மீண்டும் தோன்றின.

தாய் பெசி, சிகாகோ டிஃபெண்டர் என்னும் கறுப்பின வார இதழின் நியூயார்க் செய்தியாளராகவும் அரசியல் செயற்பாட்டாளராகவும் விளங்கினார். ஹார்லெமின் மறுமலர்ச்சிக் காலம் எனப்படும் 1920களில் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், அறிஞர் டு பாய்ஸ், இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் போன்றோர் இவர்கள் வீட்டுக்கு வந்து சென்றனர். பிற்காலத்தில் படமாக்கிய இசையை பியர்டன் இசைத்தட்டுகளிலிருந்து மட்டும் அறிந்தவர் அல்லர். அவ்விசையை ஆக்கியவர்கள் நடமாடிய தெருக்களில் வளர்ந்தவர்.

பிட்ஸ்பர்க் நகரில் இவருடைய பாட்டி தங்கும் விடுதி ஒன்றை நடத்தினார். தெற்கிலிருந்து வந்து எஃகு ஆலைகளில் வேலை செய்த தொழிலாளர்கள் அங்கு தங்கினர். பியர்டனுக்கு முதன்முதலில் வரையக் கற்றுக்கொடுத்தவன் அந்நகரில் கிடைத்த யூஜின் என்ற கால் ஊனமுற்ற சிறுவன். அவன் இளம் வயதிலேயே இறந்து போனான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1978இல், அவனுடைய இறுதிச் சடங்கை பியர்டன் ஒட்டுப்படமாக்கினார். 1929இல் பிட்ஸ்பர்க்கில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தார்.

கல்வியும் பணியும்

லிங்கன் பல்கலைக்கழகத்திலும் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்ற பின்னர், 1935இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் சிறந்த பேஸ்பால் பந்து வீச்சாளராகவும் இருந்தார். பின்னர் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்னும் கலைப்பள்ளியில், ஜெர்மனியிலிருந்து வெளியேறிய அங்கத ஓவியர் ஜார்ஜ் கிராஸிடம் வரையப் பயின்றார். 1935 முதல் 1937 வரை பால்டிமோர் ஆஃப்ரோ அமெரிக்கன் வார இதழில் இவருடைய அரசியல் கேலிச்சித்திரங்கள் வெளிவந்தன.

அதே காலத்தில் நியூயார்க் நகராட்சியின் நலத்துறையில் பணியில் சேர்ந்தார். இடையிடையே விலகியிருந்தாலும் 1960களின் பிற்பகுதி வரை அவ்வேலையிலேயே இருந்தார். நகரில் வாழ்ந்த ரோமா நாடோடிக் குடும்பங்களின் நலன் இவருடைய பொறுப்பில் இருந்தது. நெடுங்காலம் ஓவியத்துக்கு மாலை வேளைகளும் வார இறுதிகளும் மட்டுமே கிடைத்தன. இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை இராணுவத்தில் 372ஆம் காலாட்படைப் பிரிவில் பணியாற்றினார்.

1940களில் இவரது ஓவியங்கள் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அக்காலத்தில் ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸ் கூறிய ஓர் அறிவுரை இவருடைய வாழ்வில் முக்கியமானது. ஜாஸ் இசையில் ஈடுபாடு மிக்க டேவிஸ், பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸின் இசைத்தட்டுகளைக் கேட்கும்படியும், மெட்டை விட்டுவிட்டு இரு சுரங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளைக் கவனிக்கும்படியும் சொன்னார். பியர்டன் அவ்வாறே திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினார். படத்தில் உருவங்களைப் போலவே அவற்றுக்கு நடுவே விடப்படும் வெற்றிடமும் பேச வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து தொடங்கியது. அதைச் செயலில் காட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

பாடலாசிரியராக

போர் வீரர்களுக்கான அரசு உதவித் தொகையில் 1950இல் பாரிஸ் சென்று சார்போன் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்றார். எழுத்தாளர் ஆல்பர்ட் மர்ரியுடன் அங்கு ஏற்பட்ட நட்பு இறுதிவரை நீடித்தது. நியூயார்க் திரும்பிய பின் மீண்டும் பாரிஸ் செல்லப் பணம் வேண்டியிருந்தது. அதற்கு வழியாகப் பாடல் எழுதலாம் என்று கருதினார். ஓவியம் ஏறத்தாழ நின்றுபோனது.

இவர் எழுதிய பாடல்களுள் ஏறத்தாழ இருபது வெளிவந்தன. ஃபிரெட் நார்மன், லாரி டக்ளஸ் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கிய 'சீ பிரீஸ்' (கடற்காற்று) என்னும் பாடலை 1954இல் பில்லி எக்ஸ்டைன் பாடினார். அது பரவலாகப் புகழ்பெற்றது. ஆனால் பாரிஸ் பயணம் கைகூடவில்லை. தூரிகையும் கையை விட்டுப் போயிருந்தது. ஓவியனாகத் தம் ஆற்றலை வீணாக்குவதாக நண்பர்கள் எச்சரித்தனர். இக்காலத்தில் மன நெருக்கடிக்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1954இல் நடனக் கலைஞர் நானெட் ரோஹனை மணந்தார். அவருடைய ஊக்கத்தால் மீண்டும் வரையத் தொடங்கியதாகக் கூறப்படுகிறது.

மீண்டு வந்த விதம் குறிப்பிடத்தக்கது. ஜோட்டோ, டூச்சோ, வெரொனேசே, ரெம்பிராண்ட் முதலிய பழம்பெரும் ஓவியர்களின் படங்களைப் பெரிதாக ஒளிநகல் எடுத்து, தொடக்க மாணவனைப் போல அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்து பயின்றார். சீன எழுத்தோவியக் கலைஞர் ஒருவரிடமும் பாடம் கேட்டார். 1950களின் பிற்பகுதியில் மெல்லிய வண்ணங்களில் அருவ ஓவியங்களைத் தீட்டினார்.

ஒட்டுப்படத்துக்கு வருதல்

1963இல் குடியுரிமை இயக்கம் உச்சத்தில் இருந்தபோது, ஹேல் உட்ரஃப், சார்ல்ஸ் ஆல்ஸ்டன், நார்மன் லூயிஸ் முதலிய கறுப்பின ஓவியர்களுடன் சேர்ந்து 'ஸ்பைரல்' என்னும் குழுவைத் தொடங்கினார். கறுப்பின ஓவியரின் கடமை யாது என்பதே அவர்களின் விவாதப் பொருள். அனைவரும் கூடி ஒரே ஒட்டுப்படத்தைச் செய்யலாம் என்று பியர்டன் முன்மொழிந்தார். இதழ்களிலிருந்து வெட்டிய படங்களை ஒரு பை நிறையக் கொண்டும் வந்தார். மற்றவர்கள் ஆர்வம் காட்டவில்லை. எனவே தனியாகவே செய்யத் தொடங்கினார்.

சிறிய அளவில் செய்த அப்படங்களை ஒளிநகல் முறையில் பெரிதாக்கிப் பார்க்கும்படி குழு உறுப்பினர் ரெஜினால்ட் கேமன் யோசனை கூறினார். பல அடி அகலத்துக்குக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக்கப்பட்ட படங்களில், சிதறிய முகங்களும் அளவுக்கு மீறிய கைகளும் ஆப்பிரிக்க முகமூடிக் கண்களும் செய்திப்படம் போன்ற வேகத்துடன் தெரிந்தன. கலைக்கூட உரிமையாளர் ஆர்னே எக்ஸ்ட்ராம் அவற்றைக் கண்டு, 1964 அக்டோபரில் 'புரொஜெக்‌ஷன்ஸ்' என்ற தலைப்பில் காட்சிக்கு வைத்தார். அவற்றுள் ஒன்று 1930களின் சிகாகோ நகர கிராண்ட் டெரஸ் நடன அரங்கைக் காட்டுவது. ஏர்ல் ஹைன்ஸ் தம் இசைக்குழுவை நடத்திய இடம் அதுவே. டேவிஸ் கேட்கச் சொன்ன இசைக்குக் கைம்மாறாக இப்படத்தைக் கொள்ளலாம்.

செய்முறை

பியர்டனின் செய்முறை காலப்போக்கில் மாறினாலும் அதன் அடிப்படை ஒன்றே. முதலில் பலகையின் நீள அகலத்துக்கு இயைந்த விகிதத்தில் செவ்வக வண்ணத் தாள்களை ஒட்டுவார். இது பாட்டுக்கு முன்னர்த் தாளத்தை நிறுவிக்கொள்வது போன்றது. அதன் மேல் முகம், கை, சாளரம், இசைக்கருவி எனத் துண்டுகள் ஏறும். ஒரு முகத்துக்குள் மூன்று நான்கு ஒளிப்படங்களின் பகுதிகள் இருக்கும். தாள்களுக்குத் தாமே வண்ணம் பூசி, அதை வெளுக்கச் செய்தும் உப்புத்தாளால் தேய்த்தும் பழைய சுவர் போன்ற மேற்பரப்பைப் பெற்றார்.

அடுத்து வைக்கப்போகும் துண்டு எது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுவதில்லை. ஒட்டிய துண்டே அடுத்த துண்டைக் கேட்கும். ஒருவர் பாட மற்றவர் பின்பாட்டுப் பாடுவதும், மெட்டின் எல்லைக்குள் நின்றுகொண்டே கலைஞர் தம் மனோதர்மப்படி வாசிப்பதும் ஜாஸ் இசையின் இயல்புகள். கர்நாடக இசை கேட்டுப் பழகிய நம் வாசகர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

பாடல்களும் படங்களும்

இசையைப் பொருளாகக் கொண்ட படைப்புகளுள் மிகவும் அறியப்பட்டது, 1975இல் காட்சிக்கு வைக்கப்பட்ட 'ஆஃப் த புளூஸ்' (புளூஸைப் பற்றி) என்னும் ஒட்டுப்பட வரிசை. தென்னகத்தின் நாட்டுப்புறத்தில் தொடங்கி, நியூ ஓர்லியன்ஸ், கான்சஸ் நகரம் வழியாக ஹார்லெம் அரங்குகள் வரை இவ்வரிசை இசையின் பயணத்தைப் பின்தொடர்கிறது.

அதில் ஒன்றான 'கரோலினா ஷவுட்' சார்லட் நகரின் மின்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. இப்பெயர் ஜேம்ஸ் பி. ஜான்சன் இயற்றிய, 1920களில் ஹார்லெம் பியானோ கலைஞர்களின் திறனுக்கு உரைகல்லாக இருந்த உருப்படியின் பெயர். ஆனால் படத்தில் பியானோ இல்லை. இருப்பவர்கள் கைகளை உயர்த்தி வழிபாட்டுப் பரவசத்தில் நிற்கும் மக்கள். தென்னகத் தேவாலயங்களில் வட்டமாக ஆடிப் பாடும் வழக்கத்துக்கு ஷவுட் என்று பெயர்; ஜான்சனின் உருப்படி அதன் தாளத்தையே நடனக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. பியர்டன் அதைத் திருப்பி அதன் பிறந்த இடத்துக்கே கொண்டு சேர்த்தார் எனலாம். கூட்டம் தொழுகிறதா ஆடுகிறதா என்பதைப் படம் உறுதியாகச் சொல்வதில்லை.

'ராப்பிங் இட் அப் அட் த லஃபயெட்' என்ற படத்தின் பெயர் ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் 1934ஆம் ஆண்டு இசைத்தட்டை நினைவூட்டுவது. இது கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள 'எம்ப்ரஸ் ஆஃப் த புளூஸ்' (1974) பாடகி பெசி ஸ்மித்தைப் போற்றுவது. பாடகி முன்னே நிற்க, பின்னே இசைக்குழுவினர் வண்ணப் பட்டைகளாக அடுக்கப்பட்டுள்ளனர்.

இவ்வரிசையின் தலைப்புகளில் பலவற்றைச் சூட்டியவர் ஆல்பர்ட் மர்ரி. ஆகவே பாடலைக் கேட்டுப் படம் பிறந்ததா, படம் முடிந்தபின் பாடலின் பெயர் வந்து சேர்ந்ததா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாடலை நேராகப் பொருத்திப் பார்ப்பது பல இடங்களில் பயன் தராது. பாடலின் சொற்களைப் பியர்டன் படம் பிடிக்கவில்லை. அது ஒலித்த கூடத்தையும் கேட்டவர்களையும் படமாக்கினார். பாடல் எழுதிப் பொருள் ஈட்ட முயன்ற ஆண்டுகளில் கிட்டாத இசை, கத்தரிக்கோலும் பசையும் எடுத்த பின்னரே இவருக்கு வசப்பட்டது.

ஓவியத்தோடு ஒலியையே சேர்த்த படைப்பும் உண்டு. மர்ரியின் வீட்டு மாடத்திலிருந்து தெரிந்த ஹார்லெம் லெனக்ஸ் நிழற்சாலையைக் காட்டும் 'த பிளாக்' (1971) ஆறு பலகைகளாக 18 அடி நீளம் கொண்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதே ஆண்டு நடந்த காட்சியில், தெரு ஒலிகளின் ஒலிநாடா இசைக்க இது வைக்கப்பட்டது. தற்போது மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நாடக மேடையில்

பியர்டனின் படங்களிலிருந்து நாடகங்களும் பிறந்தன. பிட்ஸ்பர்க் விடுதியை நினைவுகூரும் 'மில் ஹாண்ட்ஸ் லஞ்ச் பக்கெட்' (1978) என்ற படம், ஆகஸ்ட் வில்சனின் 'ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்' நாடகத்துக்கு வித்தானது. அந்நாடகத்தின் தலைப்பு ஒரு பழைய புளூஸ் பாடலிலிருந்து வந்தது. பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸுக்குக் காணிக்கையாக 1983இல் செய்த 'த பியானோ லெசன்' படத்தின் பெயரிலேயே வில்சன் எழுதிய நாடகம் 1990இல் புலிட்சர் பரிசு பெற்றது. வில்சன் ஒருமுறை பியர்டனின் வீட்டு வாசல் வரை சென்றும் கதவைத் தட்டத் துணிவின்றித் திரும்பினார். இருவரும் சந்திக்கவே இல்லை.

இறுதிக் காலம்

1969இல் நார்மன் லூயிஸ், எர்னஸ்ட் கிரிச்லோ ஆகியோருடன் சேர்ந்து இளம் கறுப்பினக் கலைஞர்களுக்காகச் சின்கே கலைக்கூடத்தை நிறுவினார். 1986இல் எக்காளக் கலைஞர் விண்டன் மார்சாலிஸின் 'ஜே மூட்' இசைத்தொகுப்பின் மேலட்டையில் இவருடைய படம் இடம்பெற்றது. 1987இல் குடியரசுத் தலைவர் ரீகன் இவருக்குத் தேசியக் கலைப் பதக்கம் வழங்கினார்.

எலும்புப் புற்றுநோயால் 1988 மார்ச் 12 அன்று நியூயார்க்கில் தமது 76ஆம் வயதில் காலமானார். மனைவியின் குடும்பத்தாரின் பூர்விகமான கரிபியன் தீவு செயின்ட் மார்டினில் இவருடைய அஸ்தி தூவப்பட்டது. 'ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்' நாடகம் பிராட்வே மேடையேறியது அதே மார்ச் 27ஆம் நாள். ஹாரி ஹெண்டர்சனுடன் சேர்ந்து எழுதிய ஆப்பிரிக்க அமெரிக்க ஓவியர்களின் வரலாற்று நூல் 1993இல் வெளிவந்தது. 2003இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் இவருடைய முழுவாழ்வுப் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. அவ்வாண்டே சாக்சஃபோன் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ், பியர்டனின் படங்களை ஒட்டி ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார்.