காருகுறிச்சி அருணாசலம்

பொருநையாற்றின் வளம் பேசப் புகுவோர் செந்நெல்லையும் வாழையையும், கரைதோறும் விளங்கும் கோயில்களையும், புலவர் மரபையும் எடுத்துரைப்பர். இசையென்றவுடன் அவர்தம் சிந்தை காவிரிக்கரைக்குச் சென்றுவிடும். நாகசுரத்திற்குத் தஞ்சை நாடே தாயகமென்பது பலர் துணிபு. அது பெரிதும் மெய்யே. ஆயினும், பொருநைக் கரையிலும் நாகசுரச் செல்வர் ஒருவர் தோன்றினாரென்பதை நாம் மறத்தலாகாது.

சேரன்மாதேவிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையே, மட்கலம் வனைதற்குப் பெயர்பெற்ற காருகுறிச்சியில், 1921-ஆம் ஆண்டு அருணாசலம் அவர்கள் பிறந்தார். இளமையிலேயே நாகசுரம் பயின்று, பின்னர் அக்கலையில் ஈடிணையின்றி விளங்கிய திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களுக்கு மாணாக்கராயினார். ஆசிரியர் பக்கத்திருந்து உடன்வாசித்தலே அவருக்குக் கல்விச்சாலை. தோடி இராகத்தை நெடும்பொழுது விரித்து வாசிக்கும் பெருமகனாரோடு வாசிப்பதெனின், எங்கே தொடர்வது, எங்கே அடங்குவது என்னும் நுட்பம் வேண்டுமன்றோ?

நாகசுரம் திறந்த வெளிக்கென அமைந்த பெருங்குரற் கருவி. சீவாளியை இதழாற் பற்றி, மூச்சினை அளந்து செலுத்தி, விரலாற் துளைகளைப் பாதி மூடியும் திறந்தும் கமகங்களைப் பிறப்பித்தல் வேண்டும். அதனிடத்து ஓசையை எழுப்புதல் எளிது. மென்மையை எழுப்புதல் அரிது. அம்மென்மையே அருணாசலம் அவர்களின் தனிச்சிறப்பு. 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்த ஆபேரி இராகப் பாடலொன்றில், எஸ். ஜானகி அம்மையாரின் குரலோடு அவருடைய நாகசுரம் வினாவும் விடையும்போல இழைந்து செல்கிறது. ஓரிடத்தும் கருவி குரலை மூடவில்லை. குரலும் கருவிக்கு அஞ்சவில்லை.

1956-இல் ஆசிரியர் மறைந்தார். எட்டே ஆண்டுகளில், 1964-இல், ஏறத்தாழ 43-ஆம் அகவையில் மாணாக்கரும் மறைந்தார். அவர் வாழ்ந்த கோவிற்பட்டியில் அவருக்குச் சிலை எடுக்கப்பட்டது.

இக்கட்டுரை எழுதத் தொடங்குமுன், தோழர் பலரை வினவினோம். அத்திரைப்பாடலை அறியாதார் ஒருவருமிலர். வாசித்தவர் நம் ஆற்றங்கரையினரென அறிந்தாரோ மிகச் சிலர். யாமும் சின்னாள் முன்வரை அறியாதாருள் ஒருவரே என்பதை நாணத்தோடு ஒப்புகின்றோம். வானொலியும் இசைத்தட்டும் காத்தவை சில. திருவிழா வீதியிலும் மணப்பந்தலிலும் நள்ளிரவு கடந்து வாசித்துக் காற்றிற் கலந்தவை பல. அவற்றிற்கு இன்று இருப்பிடம் கேட்டவர்தம் நெஞ்சமேயாம். அம்முதியோரும் அருகி வருகின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்காள்! உங்கள் பாட்டனாரிடம் ஒருகால் வினவுமின். அவர் கூறுவதை எழுதி வைம்மின். அதுவே நாம் அக்கலைஞர்க்குச் செய்யத்தக்க சிறு கடன்.