பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் (டிசம்பர் 24, 1935 - நவம்பர் 24, 2008) இந்தியக் கால்பந்து அணியின் கோல் காப்பாளராக விளங்கியவர். 1950-களின் நடுப்பகுதி முதல் 1960-களின் பிற்பகுதி வரை நாட்டிற்காக ஆடினார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும், 1962-இல் ஜகார்த்தாவில் தங்கப்பதக்கம் வென்ற ஆசிய விளையாட்டு அணியிலும் இடம்பெற்றவர். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடிப் புகழ்பெற்றார். பின்னர் சர்வீசஸ் எனப்படும் முப்படை அணியின் தலைவராக இருந்து, அந்த அணிக்கு முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார்.

இளமை

தங்கராஜ் அன்றைய ஐதராபாத் அரசில் பிறந்தவர். ஐதராபாத்தும் அதன் இரட்டை நகரமான செகந்திராபாத்தும் அக்காலத்தில் இந்தியக் கால்பந்தின் முக்கிய நிலையங்களாக இருந்தன. சையத் அப்துல் ரகீம் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950-களில் நாட்டின் வலிமை மிக்க அணிகளுள் ஒன்றாகத் திகழ்ந்தது. இராணுவக் குடியிருப்புப் பகுதியான செகந்திராபாத்தில் சிறு கழகங்கள் பல இயங்கின. அவற்றுள் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் ஆகிய கழகங்களில் தங்கராஜ் தம் ஆட்டத்தைத் தொடங்கினார். இந்திய அணியில் பிற்காலத்தில் அவருடன் ஆடிய துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத் பகுதியைச் சேர்ந்தவரே.

மதராஸ் ரெஜிமென்ட் அணியில்

1953-இல் தங்கராஜ் இந்திய இராணுவத்தில் சேர்ந்தார். குன்னூரை அடுத்த வெலிங்டனில் அமைந்துள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் கால்பந்து அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. தொடக்கத்தில் அவர் கோல் காப்பாளர் அல்லர். நடு முன்கள ஆட்டக்காரராக, கோல் அடிக்கும் இடத்திலேயே ஆடினார். பின்னரே கோல் கம்பங்களுக்கு இடையே நிற்கும் பொறுப்பிற்கு மாற்றப்பட்டார். நல்ல உயரமும் நீண்ட கைகளும் கொண்ட அவருக்கு இம்மாற்றம் மிகவும் பொருந்தியது. இதற்குப் பின் அவர் விளையாட்டு வாழ்வு முழுவதும் கோல் காப்பாளராகவே அறியப்பட்டார்.

மதராஸ் ரெஜிமென்ட் மையம் 1955-இல் தில்லியில் நடைபெற்ற துராந்து கோப்பைப் போட்டியில் வெற்றி பெற்றது. இறுதியாட்டத்தில் அது இந்திய விமானப்படை அணியை வென்றது. 1888-இல் சிம்லாவில் தொடங்கப்பட்ட துராந்து கோப்பை, ஆசியாவின் மிகப் பழமையான கால்பந்துப் போட்டியாகும். 1950 முதல் 1954 வரை ஐதராபாத் நகரக் காவல்துறை, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆகிய அணிகளே இக்கோப்பையை மாறி மாறி வென்றன. இந்திய விடுதலைக்குப் பின் இக்கோப்பையை வென்ற முதல் இராணுவ அணி மதராஸ் ரெஜிமென்ட் மையமே. 1958-இல் கூர்க்கா பிரிகேட் அணியை வென்று அது மீண்டும் கோப்பையைக் கைப்பற்றியது. இரு வெற்றிகளிலும் தங்கராஜின் பங்கு இருந்தது.

பெருநகரக் கழகங்கள் நாடெங்கிலுமிருந்து சிறந்த ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்துக்கொள்ள முடியும். ரெஜிமென்ட் அணிக்கு அந்த வாய்ப்பு இல்லை. தன் படைவீரர்களைக் கொண்டே அது அணி அமைக்க வேண்டும். இத்தகைய அணிக்கு நம்பகமான ஒரு கோல் காப்பாளர் கிடைப்பது பெரும் பலமாகும். முன்களத்தில் அதிகக் கோல்கள் அடிக்க இயலாத ஆட்டத்திலும், அடித்த ஒரு கோலைக் காத்து வெற்றி பெற அவர் துணை நிற்பார்.

அக்காலத்தில் கோல் காப்பாளரின் பணி

தங்கராஜ் ஆடிய காலத்தின் விதிகளும் வழக்கங்களும் இன்றைய நிலையிலிருந்து பெரிதும் வேறுபட்டவை. அவற்றை அறிந்தால் அவருடைய மதிப்பைப் புரிந்துகொள்வது எளிது.

* பந்தைக் கையில் வைத்திருக்கும் கோல் காப்பாளரை எதிரணி ஆட்டக்காரர் தோளால் மோதித் தள்ள அன்றைய விதிகள் இடமளித்தன. எனவே உயரப் பந்துகளைப் பிடிக்க உயரத்துடன் உடல் வலிமையும் தேவைப்பட்டது.
* பெரும் போட்டிகளில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் பரவலாக இல்லை. உலகக் கோப்பையில் கூட 1970-இல்தான் இது நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தின் நடுவே கோல் காப்பாளர் காயமுற்றால் களத்தில் உள்ள வேறொருவர் அந்த இடத்தில் நிற்க நேரும்.
* தன் அணியினர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் எடுக்கலாம். இதற்குத் தடை 1992-இல்தான் வந்தது. நெருக்கடியில் சிக்கிய பின்களத்தார் பந்தைக் கோல் காப்பாளரிடம் திருப்பித் தருவது வழக்கமாக இருந்ததால், ஆட்டத்தின் வேகத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் பெரும்பாலும் அவர் கையில் இருந்தது.

இந்திய அணி 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடியது. 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோசுலாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்ற பின்னரே காலணி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. தங்கராஜ் இந்த மாற்றத்திற்குப் பின் வந்த தலைமுறையைச் சேர்ந்தவர்.

சர்வீசஸ் அணியின் தலைவர்

சந்தோஷ் கோப்பை என்பது மாநில அணிகளும் சர்வீசஸ், இரயில்வே போன்ற நிறுவன அணிகளும் மோதும் தேசியச் சாம்பியன் போட்டியாகும். இது 1941-இல் தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் வங்காள அணியே இதில் ஆதிக்கம் செலுத்தியது. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் ஆட்டக்காரர்களைக் கொண்ட சர்வீசஸ் அணி அதுவரை கோப்பையை வென்றதில்லை.

1960-61 பருவத்திற்கான போட்டி கேரளத்தின் கோழிக்கோட்டில் நடைபெற்றது. சர்வீசஸ் அணிக்குத் தங்கராஜ் தலைமை தாங்கினார். அந்த அணி இறுதியாட்டத்தில் வங்காளத்தை வென்று முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது.

கோல் காப்பாளர் அணித்தலைவராவது கால்பந்தில் அரிதன்று. ஆனால் எளிதான பொறுப்பும் அன்று. நடுவரிடம் பேசவோ முன்களத்தாருக்கு அருகில் நின்று வழிகாட்டவோ அவரால் இயலாது. மறுபுறம், களம் முழுவதையும் முன்னால் காணும் ஒரே ஆட்டக்காரர் அவரே. எதிரணியில் யார் தடுக்கப்படாமல் நிற்கிறார், தன் பின்களத்தில் எங்கு இடைவெளி விழுகிறது என்பதை முதலில் அறிபவரும் அவரே. மேலும், முன்களத்தில் தொடங்கிய தங்கராஜுக்குக் கோல் அடிக்க முனைபவரின் எண்ணவோட்டமும் பழக்கமானதே.

அந்த வெற்றியின் அருமை பின்னாளில்தான் தெளிவாகப் புலப்பட்டது. சர்வீசஸ் அணி இரண்டாவது முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது 2012-இல். கட்டக்கில் நடைபெற்ற அந்த இறுதியாட்டத்தில் அது தமிழ்நாடு அணியை வென்றது. இடையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டிருந்தன. தங்கராஜ் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டதால் தம் பழைய அணியின் மறு வெற்றியைக் காணவில்லை. அதன்பின் சர்வீசஸ் பலமுறை இக்கோப்பையை வென்றுள்ளது.

இந்திய அணியில்

தங்கராஜ் 1955-இல் டாக்காவில் நடைபெற்ற ஆசிய நாற்கோணப் போட்டியில் இந்தியாவிற்காக முதன்முதலில் ஆடினார். அடுத்த ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் எஸ். எஸ். நாராயணனுடன் இரு கோல் காப்பாளர்களுள் ஒருவராக இடம்பெற்றார். அப்போட்டியில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்று அரையிறுதியை அடைந்து, முடிவில் நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய மிக உயர்ந்த நிலை இதுவே. 1958-இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் தங்கராஜ் பங்கேற்றார். அவ்வாண்டு ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளராக அவர் மதிக்கப்பட்டார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா அங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய நாடுகளுடன் ஒரே பிரிவில் இருந்தது. அங்கேரியிடம் 2-1 என்ற குறைந்த வேறுபாட்டில் தோற்றது. பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 3-1 என்ற கணக்கில் தோற்று வெளியேறியது. ஐரோப்பாவின் முன்னணி அணிகள் இரண்டுக்கு எதிராக ஒவ்வொரு கோல் வேறுபாட்டிற்குள் நின்ற அந்த அணியின் கோல் காப்பாளர் தங்கராஜ். அதற்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி அவர் வாழ்வின் முக்கிய நிகழ்வாகும். சுனி கோசுவாமி அணித்தலைவராகவும் ரகீம் பயிற்சியாளராகவும் இருந்தனர். இந்தியா முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்ற கணக்கில் தோற்றது. பின்னர் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்ற கணக்கில் வென்றது. போட்டியின்போது தங்கராஜ் காய்ச்சலால் பாதிக்கப்பட்டதால், அவருக்குப் பதிலாகப் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். பின்கள ஆட்டக்காரர் ஜர்னைல் சிங் தலையில் காயத்துடன் தையல் போடப்பட்ட நிலையில் முன்களத்திற்கு மாற்றப்பட்டிருந்தார்.

செப்டம்பர் 4, 1962 அன்று தென்கொரியாவுடன் நடைபெற்ற இறுதியாட்டத்தில் தங்கராஜ் மீண்டும் களமிறக்கப்பட்டார். இசுரேல், தைவான் நாடுகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டதைக் குறித்து இந்திய விளையாட்டு நிருவாகி ஜி. டி. சோந்தி தெரிவித்த கருத்து இந்தோனேசியாவில் கடும் எதிர்ப்பை எழுப்பியிருந்தது. திரண்டிருந்த பெருங்கூட்டம் இந்திய அணிக்கு எதிராகவே முழங்கியது. முதல் இருபது நிமிடங்களுக்குள் பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கு ஒரு கோல் அடித்தனர். அதன்பின் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக இந்தியா அந்த முன்னிலையைக் காக்க வேண்டியிருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோதுதான் தென்கொரியா ஒரு கோல் அடிக்க முடிந்தது. இந்தியா 2-1 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. 1951-க்குப் பின் கிடைத்த இந்த இரண்டாவது தங்கமே ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா கடைசியாகப் பெற்ற தங்கமாகும்.

1964-இல் இசுரேலில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற இந்திய அணியிலும் தங்கராஜ் இருந்தார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அவர் நாட்டிற்காக ஆடினார்.

கொல்கத்தாக் கழகங்களில்

இராணுவத்தை விட்டு வெளியேறிய பின் தங்கராஜ் கொல்கத்தா சென்றார். அங்குள்ள மூன்று பெரும் கழகங்களான முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்றுக்கும் அவர் ஆடினார். இக்கழகங்களுக்கு இடையே நிலவும் போட்டி மிகக் கடுமையானது. இரசிகர்களின் பற்றும் அவ்வாறே. ஒரு கழகத்தை விட்டு எதிர்க் கழகத்திற்குச் செல்பவர் பழைய இரசிகர்களின் சினத்திற்கு ஆளாவது வழக்கம். அப்படியிருந்தும் மூன்று கழகங்களும் அவரை நாடியது அவருடைய திறமைக்குச் சான்றாகும்.

ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் அவர் நீண்ட காலம் இருந்தார். அக்காலத்தில் அக்கழகம் 1967-இல் துராந்து கோப்பையை வென்றது. 1970-இல் ஈரானின் பாஸ் தெகரான் அணியை 1-0 என்ற கணக்கில் வென்று ஐ. எப். ஏ. கேடயத்தையும் பெற்றது. தங்கராஜ் 1971-இல் ஓய்வு பெற்றார்.

பயிற்சியாளர்

ஓய்வுக்குப் பின் அவர் பயிற்றுவிக்கும் பணியில் ஈடுபட்டார். கோவாவின் வாஸ்கோ கழகம், முகம்மதன் ஸ்போர்ட்டிங், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பணியாற்றினார். பின்னர் இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் பொகாரோ எஃகு ஆலையின் கால்பந்துப் பயிற்சிக் கழகத்தில் இயக்குநராக இருந்தார். தொழிற்சாலை நகரில் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிப்பது அதன் நோக்கமாகும்.

மறைவும் நினைவும்

தங்கராஜ் நவம்பர் 24, 2008 அன்று பொகாரோவில் தமது 72-ஆம் அகவையில் காலமானார். ஒரு மாதம் கழிந்திருந்தால் அவருக்கு 73 அகவை நிறைந்திருக்கும்.

1962 அணியில் கோல் அடித்தவர்களின் பெயர்கள் பலருக்கும் தெரிந்த அளவிற்குக் கோல் காத்தவரின் பெயர் தெரிவதில்லை. 2024-இல் வெளியான, ரகீமின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட மைதான் என்ற இந்தித் திரைப்படத்தில் தங்கராஜும் ஒரு பாத்திரமாக இடம்பெற்றதால் புதிய தலைமுறையினர் அவரை அறிய வாய்ப்பு ஏற்பட்டது.

பெற்ற சிறப்புகள்

* துராந்து கோப்பை (மதராஸ் ரெஜிமென்ட் மையம்) - 1955, 1958
* ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளர் - 1958
* சந்தோஷ் கோப்பை (சர்வீசஸ் அணித்தலைவர்) - 1960-61
* ஆசிய விளையாட்டுப் போட்டி, தங்கப்பதக்கம் - 1962
* ஆசியக் கோப்பை, இரண்டாம் இடம் - 1964
* அர்ஜுனா விருது - 1967
* ஆசிய நட்சத்திர அணியில் இருமுறை இடம்